பற்றிக்கொள்ள மனம் எதற்கு?

செடிகள் யோசிக்கின்றன, முடிவெடுக்கின்றன என்று சொல்லும் காணொளிகள் கைபேசிகளில் நிறையச் சுற்றுகின்றன. அவற்றில் சாட்சிக்கு அழைக்கப்படுவது பெரும்பாலும் கொடிதான். பல மணி நேர வளர்ச்சியை ஒரு நிமிடமாகச் சுருக்கினால், பாகலின் பற்றுக்கம்பி காற்றில் துழாவிக் குச்சியைத் தேடிப் பிடிப்பதாகவே தோன்றும். வியப்பு நியாயமானது. ஆனால் அதற்கு மனத்தைக் காரணம் சொன்னால் கொடியின் உண்மையான திறமை மறைந்துபோகும்.

துழாவலை எடுத்துக்கொள்வோம். தண்டின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடச் சற்று வேகமாக நீள்கிறது. அந்த வேகம் தண்டைச் சுற்றி இடம் மாறிக்கொண்டே போவதால் நுனி வட்டமடிக்கிறது. ஹாப் கொடியின் நுனி வெயில் நாளில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றுவதை அளந்து, 1865-இல் சார்லஸ் டார்வின் எழுதினார். பக்கத்தில் குச்சி இல்லாவிட்டாலும் இந்தச் சுற்று நடக்கும். பற்றுக்கம்பி எதிலாவது மோதினால், தொட்ட பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் விரைந்து வளர, அது வளைந்து பற்றுகிறது. மழைத்துளி பட்டால் மட்டும் வளைவதில்லை. துளியையும் குச்சியையும் பிரித்தறிய அறிவு வேண்டாமா? 1885-இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பெஃபர் இதைச் சோதித்தார். ஈர ஜெலட்டின் பூசிய கண்ணாடிக் குச்சி உரசியபோது கம்பி சும்மா இருந்தது. களிமண் துகள் கலந்த நீர் பட்டபோது வளைந்தது. ஆக, பிரித்தறிவது அதன் தோல்தான். சொரசொரப்பான உராய்வு அதற்குப் போதும்.

கஸ்குட்டா என்னும் ஒட்டுண்ணிக் கொடியை எதிர்வாதமாகக் காட்டலாம். அதன் நாற்று கோதுமையை விட்டுத் தக்காளிப் பக்கம் சாய்வதை 2006-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் செடியே இல்லாமல் தக்காளியின் வாசனைப் பொருளை மட்டும் வைத்தபோதும் அது அங்கேதான் சாய்ந்தது. நாயின் மூக்கும் வேதியியல்தானே என்று கேட்கலாம். உண்மைதான், நாய்க்கு மனம் உண்டென்று நாம் நம்புவது மூக்கை வைத்தல்ல, அது நினைவில் வைத்து வழியை மாற்றிக்கொள்வதை வைத்து. இதைவிடக் கடினமான சவால் 2019-இல் இத்தாலியிலிருந்து வந்தது: பட்டாணியின் பற்றுக்கம்பி தொடுவதற்கு முன்பே குச்சியின் தடிமனுக்கேற்ப அசைவை மாற்றுகிறது என்றது ஓர் ஆய்வு. இதை ஒதுக்கக் கூடாது. எந்தத் தூண்டலால் இது நடக்கிறது என்பதுதான் இனி தேட வேண்டியது. அந்த இடத்தை மனம் என்ற சொல்லால் நிரப்பிவிட்டால் தேடலே நின்றுவிடும்.

இப்படிப் பேசினால் உயிர் வெறும் இயந்திரமாகிவிடாதா என்று சிலர் வருந்துகிறார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. பற்றிய பின் வெள்ளரியின் கம்பி என்ன செய்கிறது என்று பாருங்கள். இரு முனையும் கட்டுண்டிருப்பதால் ஒரே திசையில் முறுக முடியாது. பாதி வலமும் பாதி இடமுமாகச் சுருண்டு, நடுவில் திரும்பி, காற்றைத் தாங்கும் வில்சுருளாகிறது. உள்ளே இரண்டு செல் தடிமனுள்ள ஒரு நார்ப்பட்டை ஒருபுறம் கூடுதலாகச் சுருங்குவதே காரணம் என்று 2012-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கண்டார்கள். முற்றிய கம்பியை இழுத்தால் முதலில் பிரிவதில்லை. இன்னும் சில சுற்று இறுகுகிறது. செங்காந்தள் இதே பிடியை இலை நுனியால் போடுகிறது, மிளகும் வெற்றிலையும் வேரால். ஒவ்வொன்றும் எப்படிப் பிடிக்கிறது என்று கேட்கும் காணொளிகளையே நம் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.