தூத்துக்குடியில் வீட்டு விலை எப்போ இறங்கும்? மாடலைக் கேட்காதீங்க, வில்லங்கத்தைப் பாருங்க

வின்ஃபாஸ்ட் வந்தாச்சு, ஏர்போர்ட்ல புது டெர்மினல் திறந்தாச்சு, குலசேகரன்பட்டினத்துல ராக்கெட் ஏவுதளம் வரப்போகுது. "இப்ப மனை வாங்கலைன்னா எப்பவும் முடியாது"ங்கிறார் புரோக்கர். இன்னொரு பக்கம், ஏதோ ஒரு ஏஐ டூல்ல ஊர் பேரைப் போட்டுட்டு, "ரெண்டு வருஷத்துல விலை இறங்கும்னு வருது, வெயிட் பண்ணவா?"ன்னு கேக்குறீங்க. என்னைக் கேட்டா, இந்த ரெண்டு பேச்சையும் நம்பி 20 வருஷக் கடனை முடிவு பண்ணக் கூடாது.

மாடல் ஒண்ணும் மந்திரம் இல்லை. பழைய விலை, வட்டி, வருமானம், வேலைவாய்ப்பு, விற்காம கிடக்கிற வீடுகள், இதையெல்லாம் வச்சு, முன்னாடி சரிவு வந்தப்ப இருந்த நிலைமை இப்பவும் இருக்கான்னு கணக்குப் போடும். அதுக்கு உள்ளே போற விலை உண்மையா இருக்கணும். தேசிய வீட்டுவசதி வங்கியின் ரெசிடெக்ஸ் குறியீடு 50 நகரங்களுக்கு வருது. சென்னை உண்டு, கோவை உண்டு, தூத்துக்குடி இல்லை.

சரி, பத்திரப்பதிவு டேட்டா இருக்கேன்னு கேப்பீங்க. 2017 ஜூன்ல தமிழ்நாடு அரசு வழிகாட்டி மதிப்பை 33% குறைச்சது. 2023-ல அதைப் பழைய நிலைக்கே கொண்டுபோச்சு. நம்மூர்ல நிறைய பத்திரம் வழிகாட்டி மதிப்பை ஒட்டித்தான் எழுதுறாங்க, மீதி எப்படிக் கைமாறும்னு உங்களுக்கே தெரியும். இந்த டேட்டாவை அப்படியே ஊட்டினா, மாடலுக்கு 2017-ல பெரிய சரிவும் 2023-ல பெரிய ஏற்றமும் நடந்த மாதிரி தெரியும். சந்தையில நடந்தது அது இல்லை, அரசாணைதான்.

டேட்டா கொட்டிக் கிடக்கிற அமெரிக்காவிலேயே ஜில்லோ கம்பெனி தன் மாடலை நம்பி வீடுகளை வாங்கிக் குவிச்சு, நஷ்டம் தாங்காம 2021 நவம்பர்ல அந்தத் தொழிலையே மூடப்போறதா அறிவிச்சது.

மன்னார் வளைகுடாவுக்கும் இது புதுசு இல்லை. ஆங்கிலேயர் காலத்துல பார்ல இருந்து மாதிரிக்குச் சிப்பி எடுத்து, அதுல கிடைச்ச முத்தை மதிப்புப் போட்டுத்தான் முத்துக்குளிப்பு நடத்தலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணாங்க. இலங்கைப் பக்கம் 1905-ல அமோக விளைச்சல். அதைப் பார்த்துட்டு 1906-ல ஒரு கம்பெனி 20 வருஷத்துக்குக் குத்தகை எடுத்தது. 1907-க்குப் பிறகு பார் காலி. சில வருஷத்துல கம்பெனியே கலைஞ்சுது. அந்த 20 வருஷத்தைக் கவனிங்க, உங்க ஹோம் லோனும் அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். சின்ன ஊர்ல சரிவுன்னா விலை இறங்குறது இல்லை, வாங்க ஆள் வராம போறது. சொல்ற விலை 50 லட்சமாவே நிக்கும், வருஷம் ரெண்டு ஓடிடும். விலையை மட்டும் பார்க்கிற மாடலுக்கு இது கண்ணுலயே படாது.

அதனால கணக்கை உங்க பக்கம் திருப்புங்க. 50 லட்சம் வீடு, கையில இருந்து 10, கடன் 40, வட்டி 8.5%, 20 வருஷம். இஎம்ஐ சுமார் 34,700 ரூபாய். 5 வருஷத்துல கிட்டத்தட்ட 21 லட்சம் கட்டியிருப்பீங்க, ஆனாலும் அசல்ல பாக்கி 35 லட்சத்துக்கு மேல இருக்கும். அன்னைக்கு அவசரத்துக்கு 30% குறைச்சு வித்தா 35 லட்சம் கிடைக்கும், அது பேங்குக்கே பத்தாது. நீங்க போட்ட 10 லட்சம் மொத்தமா போச்சு.

அவசரம் எப்போ வரும்? வேலை போனா. துறைமுகத்தை நம்பி இருக்கிற கம்பெனியில சம்பளம், அதே ஊர்ல வீடுன்னா, ரெண்டும் ஒரே நாள்ல அடி வாங்கும். 2018 மே மாசம் துப்பாக்கிச் சூட்டுல 13 பேர் உயிர் போன பிறகு ஸ்டெர்லைட் ஆலை மூடப்பட்டது. அப்படி ஒரு மாசத்தை எந்த வட்டி வரைபடமும் முன்கூட்டிக் காட்டாது.

குடியிருக்கப் போறீங்க, 12 மாச இஎம்ஐ தனியா இருக்கு, ஊரை விட்டுப் போற எண்ணம் இல்லைன்னா, தாராளமா வாங்குங்க. விலை ஏறும்னு மட்டும் சிப்காட் பக்கம் மனை பார்க்கிறவங்க, டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி பதிவுத்துறை இணையதளத்துல அந்த சர்வே நம்பருக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்க, இலவசம்தான். கடைசி 3 வருஷத்துல எத்தனை மனை மறுபடி கைமாறியிருக்குன்னு எண்ணுங்க. லேஅவுட் போட்டவர் வித்தது மட்டும்தான் இருக்கு, வாங்கினவங்க ஒருத்தர்கூட விக்கலைன்னா, "எப்ப வேணா வித்துக்கலாம் தம்பி"ன்னு சொல்றவர்கிட்ட, இதுவரைக்கும் யார் வித்தாங்கன்னு கேளுங்க.