ஓர் ஆண்டா? ஏழு ஆண்டா?

ஒரே அணி. ஒரே ஆட்டம். இரண்டு நட்சத்திர ஆட்டக்காரர்கள்.

ஒருவருக்கு ஆண்டுச் சம்பளம் 3 கோடியே 31 லட்சம் டாலர். இன்னொருவருக்கு 27 லட்சத்துச் சொச்சம் டாலர்.

ஏறத்தாழ 12 மடங்கு வித்தியாசம்!

இது நடந்தது அமெரிக்காவில், சிகாகோ நகரில். ஆட்டம், கூடைப்பந்து. அணியின் பெயர் சிகாகோ புல்ஸ். காலம், 1997-98 சீசன். அதிகம் வாங்கியவர் மைக்கேல் ஜோர்டான். குறைவாக வாங்கியவர் ஸ்காட்டி பிப்பன். இந்த இருவரும் சேர்ந்துதான் 1991 முதல் 1998-க்குள் சிகாகோ அணிக்கு 6 முறை பட்டம் வாங்கிக் கொடுத்தார்கள்.

ஜோர்டான் பெரிய ஆட்டக்காரர். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பிப்பனைவிட 12 மடங்கு பெரியவரா? அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள். பந்தைத் தடுப்பதில் பிப்பனுக்கு இணையானவர்கள் அந்நாளில் மிகச் சிலரே. இருந்தும், என்.பி.ஏ. என்ற அந்தக் கூட்டமைப்பின் சம்பளப் பட்டியலில் அவருக்கு அந்த சீசனில் 122-வது இடம்தான் கிடைத்தது.

காரணம், ஒரு கையெழுத்து.

பிப்பன் 1991-ம் ஆண்டில் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அது 1998 வரை அவரைக் கட்டிப் போட்டது. மொத்தத் தொகை சுமார் 1 கோடியே 80 லட்சம் டாலர். ஜோர்டான் கடைசி இரண்டு சீசன்களிலும் ஓர் ஆண்டு ஒப்பந்தம்தான் போட்டார். ஆண்டு முடிந்ததும் மறுபடியும் பேரம் பேசினார்.

பன்னிரண்டாவது பிள்ளை

பிப்பன் ஏமாந்துவிட்டார் என்று சிரிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சிரிப்பது சுலபம். அவர் பிறந்த வீட்டைப் பார்த்தால் சிரிப்பு வராது.

ஆர்கன்சா மாநிலத்தில் ஹாம்பர்க் என்று ஒரு சிறிய ஊர். அந்த ஊரில் ஒரு காகித ஆலைத் தொழிலாளியின் வீட்டில், 12 பிள்ளைகளில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர் பிப்பன். தந்தை பக்கவாதத்தால் சக்கர நாற்காலியில் முடங்கினார். அண்ணன் ஒருவர் பள்ளிக்கூடத்தில் அடிபட்டு, அவரும் சக்கர நாற்காலியில் முடங்கினார். ஒரே வீட்டில் இரண்டு சக்கர நாற்காலிகள்!

பிப்பன் 1987-ல் சிகாகோ அணியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே முதுகில் ஆபரேஷன். ஆடுகிறவனுக்கு உடம்புதான் முதல். அந்த முதல் எப்போது கரையும் என்று யாருக்குத் தெரியும்?

ஆகவே அவர் நீண்ட ஒப்பந்தத்தைக் கேட்டார். நாளைக்குக் கிடைக்கும் பலாக்காயைவிட இன்று கிடைக்கும் களாக்காய் மேல் என்று நினைத்தார். பெரிய ஆட்டக்காரர்களின் ஒப்பந்தத்தில் சம்பளம் உறுதி செய்யப்பட்டது. காலில் அடிபட்டு ஒரு நாள்கூட ஆடாவிட்டாலும் பணம் வந்து சேரும். அந்தக் குடும்பத்துக்கு 7 ஆண்டு நிம்மதி கிடைத்தது.

"இது உனக்கு நல்லதல்ல" என்ற பொருளில் தாமே எச்சரித்ததாக அணியின் முதலாளி ஜெர்ரி ரைன்ஸ்டார்ப் பின்னாளில் சொன்னார். இருக்கலாம். ஆனால் ஏழு ஆண்டு ஒப்பந்தத்தை நீட்டியதும் அதே அணிதான். எச்சரித்துக்கொண்டே பேனாவைக் கொடுப்பது என்ன தர்மம்?

சம்பளம் எப்படி ஏறுகிறது?

நீண்ட ஒப்பந்தம் ஏன் நஷ்டமாக முடிகிறது? கணக்கு எளியதுதான்.

ஒவ்வோர் அணியும் தன் ஆட்டக்காரர்களுக்கு மொத்தமாக எவ்வளவு சம்பளம் கொடுக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. ஆண்டுதோறும் அந்த வரம்பைக் கட்டுவது கூட்டமைப்பு. கூட்டமைப்பின் வருமானம் ஏறினால் வரம்பும் ஏறும். வருமானத்தில் பெரும் பங்கு டெலிவிஷன் கம்பெனிகள் கொடுப்பது.

1984-85-ல் வரம்பு 36 லட்சம் டாலர். பிப்பன் கையெழுத்துப் போட்ட 1991-ல் அது 1 கோடியே 25 லட்சம். அவருடைய ஒப்பந்தம் முடிந்த சீசனில் 2 கோடியே 69 லட்சம். 2025-26 சீசனுக்கு 15 கோடியே 46 லட்சம் டாலர்!

ஊரெல்லாம் விலைவாசி ஏறுகிறது. இவருடைய சம்பளம் மட்டும் பழைய தாளில் எழுதியபடி நிற்கிறது. இதுதான் பிப்பனுக்கு நேர்ந்தது.

(1997-98-ல் ஜோர்டான் ஒருவரின் சம்பளமே அணி முழுவதற்குமான வரம்பைத் தாண்டிவிட்டது. இது எப்படி என்று கேட்கலாம். சொந்த ஆட்டக்காரரை வைத்துக்கொள்வதற்காக வரம்பை மீறலாம் என்று ஒரு விதிவிலக்கு உண்டு. சட்டம் இருக்கும் இடத்தில் சந்தும் இருக்கும்.)

ஜோர்டானும் ஒரு காலத்தில் இதே வலையில் இருந்தவர்தான். 1988-ல் அவர் 8 ஆண்டுக்குச் சுமார் இரண்டரைக் கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். 1995-96-ல் உலகமே கொண்டாடிய அந்த ஆட்டக்காரருக்குச் சம்பளம் 38 லட்சம்தான். அந்த ஒப்பந்தம் முடிந்த பிறகே அவருடைய சம்பளம் 3 கோடியைத் தாண்டியது. காலணி விளம்பரத்தில் அவருக்கு வேறு வருமானம் இருந்தது. பொறுத்திருக்க முடிந்தது.

ஆண்டுதோறும் புதுக் கையெழுத்து

இந்தக் கணக்கை நன்றாகப் படித்தவர் லெப்ரான் ஜேம்ஸ்.

2014-ல் அவர் தம் சொந்த வட்டாரமான கிளீவ்லாந்து அணிக்குத் திரும்பினார். எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் கொடுக்க அணி தயாராக இருந்தது. அவர் இரண்டே ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டார். அதிலும், ஓர் ஆண்டு முடிந்ததும் விலகிக்கொள்ளும் உரிமை தமக்கு உண்டு என்று எழுதிக்கொண்டார். 2015-லும் அதே மாதிரி.

என்ன காரணம்? புதிய டெலிவிஷன் ஒப்பந்தம் வரப் போகிறது என்று அவருக்குத் தெரியும். வந்தது, 9 ஆண்டுக்கு 2,400 கோடி டாலர். 2015-16-ல் 7 கோடியாக இருந்த வரம்பு, அடுத்த சீசனில் 9 கோடியே 41 லட்சம் ஆயிற்று. ஜேம்ஸின் சம்பளம் ஏறத்தாழ 2 கோடியே 30 லட்சத்திலிருந்து 3 கோடியே 10 லட்சத்துக்குத் தாவியது.

இன்னொரு லாபமும் உண்டு. எந்த ஆண்டும் போய்விடக்கூடிய ஆட்டக்காரரை அணி முதலாளி அலட்சியம் செய்ய முடியாது. நல்ல துணை ஆட்டக்காரர்களைச் செலவு செய்து சேர்த்தாக வேண்டும். கிளீவ்லாந்து சேர்த்தது. 2016-ல் பட்டம் வென்றது.

ஜேம்ஸும் ஏழைத் தாயின் பிள்ளைதான். ஆனால் 2003-ல், தொழில் ஆட்டத்தில் காலடி வைக்கும் முன்பே, ஒரு காலணிக் கம்பெனி அவருக்குச் சுமார் 9 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்தது. வீட்டில் நெல் நிறைந்திருப்பவன் மழையை எதிர்பார்த்துக் காத்திருக்கலாம். பிப்பனுக்கு அப்படி ஒரு குதிர் இல்லை.

அடிபட்டால்?

குறுகிய ஒப்பந்தத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

டிமார்க்கஸ் கசின்ஸ் என்பவர் பூதாகாரமான ஆட்டக்காரர். 2017-18 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளிகள் எடுத்துக்கொண்டிருந்தார். அது அவருடைய ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு. 2018 ஜனவரியில் குதிகால் நரம்பு அறுந்தது. கோடிகளைக் கொட்டத் தயாராக இருந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அந்தக் கோடையில் அவருக்குக் கிடைத்தது ஓர் ஆண்டுக்கு 53 லட்சம் டாலர்.

அடுத்த ஆண்டு கெவின் டூரன்ட் என்பவருக்கும் அதே நரம்பு அறுந்தது. அவரும் குறுகிய ஒப்பந்தத்தில் இருந்தவர். அவருக்கோ, முழு சீசனும் ஆட மாட்டார் என்று தெரிந்தும், புரூக்ளின் அணி 4 ஆண்டுக்கு 16 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்தது!

ஒரே காயம். இரண்டு விதி. உச்சியில் இருக்கும் நாலைந்து பேருக்குத்தான் குறுகிய ஒப்பந்தம் பயமில்லாதது. அதற்கு ஒரு படி கீழே இருப்பவருக்கு அது கயிற்றின்மேல் நடப்பது.

துணிந்து நடந்து அக்கரை சேர்ந்தவரும் உண்டு. ஜிம்மி பட்லர் சிறு வயதில் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டு, நண்பர்கள் வீட்டில் தங்கி வளர்ந்தவர். 2014-ல் அதே சிகாகோ அணி, 4 ஆண்டுக்கு 4 கோடி டாலருக்கு மேல் தருவதாகச் சொன்னது. அவர் மறுத்தார். ஓர் ஆண்டு நன்றாக ஆடினார். 2015-ல் 5 ஆண்டுக்கு 9 கோடி டாலருக்கு மேல் வாங்கினார். அந்த ஓர் ஆண்டில் அவருடைய முழங்கால் முறிந்திருந்தால், துணிச்சல் என்று புகழ்கிறவர்களே திமிர் என்று சொல்லியிருப்பார்கள்.

அணிகளும் நீண்ட ஒப்பந்தத்தில் அடிபட்டிருக்கின்றன. கிரான்ட் ஹில் என்பவரை 2000-ம் ஆண்டில் ஆர்லாண்டோ அணி 7 ஆண்டுக்கு 9 கோடிக்கு மேல் கொடுத்து எடுத்தது. கணுக்கால் கெட்டது. முதல் நான்கு சீசன்களில் அவர் ஆடியது 47 ஆட்டங்கள். ஆடியிருக்க வேண்டியது 328. சம்பளம் மட்டும் தவறாமல் போயிற்று.

எது நியாயம்?

1976 வரை இந்தக் கேள்விக்கே இடம் இல்லை. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் அந்த அணிக்கே சொந்தம். ஏறக்குறைய ஆயுள் கைதி. ஆஸ்கார் ராபர்ட்சன் என்ற ஆட்டக்காரர், சங்கத் தலைவராக இருந்து, 1970-ல் கோர்ட்டுக்குப் போனார். 6 ஆண்டு போராட்டத்துக்குப் பிறகு வழி திறந்தது. ஆகவே, ஓர் ஆண்டு முடிந்ததும் ஒரு ஆட்டக்காரர் வேறு அணியை நாடினால், அதை நன்றி கெட்ட செயல் என்று பழிப்பது சரியல்ல. அது போராடிப் பெற்ற உரிமை.

இன்றைய விதிப்படி 5 ஆண்டுதான் உச்சம். வேறு அணிக்குப் போனால் 4 ஆண்டு. இது நல்ல விதி. பிப்பனைப் போல ஒருவரை 7 ஆண்டு கட்டிப் போட இனி முடியாது. இளம் ஆட்டக்காரர் முதல் பெரிய ஒப்பந்தத்தை நீளமாகவே போடுவது நல்லது. கடைசி ஆண்டில் விலகும் உரிமையை மட்டும் கேட்டு வாங்க வேண்டும். ஆயுளுக்கும் போதுமான பணம் சேர்ந்த பிறகு, ஓர் ஆண்டு, ஈராண்டு என்று பேரம் பேசலாம். வரம்பு ஓர் ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று 2023 ஒப்பந்தத்தில் எழுதிவிட்டார்கள். 2016-ல் வந்தது போன்ற புதையல் இனி வராது. காத்திருப்பதில் லாபம் குறைந்துவிட்டது.

பிப்பன் 1998-ல் ஹூஸ்டன் அணிக்குப் போனார். 5 ஆண்டுக்கு 6 கோடியே 72 லட்சம் டாலர்! கடைசிக் கணக்கில், ஆடிய சம்பளமாக மட்டும் பார்த்தால், அவர் ஜோர்டானைவிட அதிகமாகவே சம்பாதித்தார். உடம்பு ஒத்துழைத்தது, அதனால் முடிந்தது.

ரசிகர்கள் நீண்ட ஒப்பந்தத்தை விரும்புகிறார்கள். பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த பனியனில் உள்ள பெயர், அடுத்த ஆண்டும் அதே அணியில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஆனால் நீண்ட ஒப்பந்தம் ஆட்டக்காரரை ஊரில் நிறுத்தி வைப்பதில்லை. அணி நினைத்தால் அந்த ஒப்பந்தத்தோடு அவரை இன்னோர் அணிக்கு மாற்றிவிடலாம்.

ஐசயா தாமஸ் 5 அடி 9 அங்குல உயரம். 2017 மே மாதம் பாஸ்டன் அணிக்காக ஒரே ஆட்டத்தில் 53 புள்ளிகள் எடுத்தார். தங்கையைப் பறிகொடுத்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. அந்த மாதமே இடுப்பு வலியால் ஆட்டத்தை நிறுத்தினார். ஒப்பந்தத்தில் இன்னும் ஓர் ஆண்டு பாக்கி இருந்தது. ஆகஸ்டில் அணி அவரைக் கிளீவ்லாந்துக்கு மாற்றிவிட்டது. 2018-ல் அவருக்குக் கிடைத்தது, ஓர் ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் டாலர்.

"என் சம்மதம் இல்லாமல் என்னை மாற்றக்கூடாது" என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள முடியாதா? முடியும். ஆனால் அதைக் கேட்பதற்கே 8 ஆண்டு ஆடியிருக்க வேண்டும். அதில் 4 ஆண்டு அதே அணியில் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும், கொடுப்பதும் மறுப்பதும் முதலாளியின் இஷ்டம்.