தேய்ப்பது அழுக்கையா, நிறத்தையா?

தூய்மை நம் அன்றாடக் கடமைகளுள் ஒன்று. ஆயினும், தூய்மையின் பெயரால் தோலைப் புண்படுத்தும் வழக்கம் கறுத்த மேனியுடையோரின் இல்லங்களில், ஆப்பிரிக்காவிலும் நம்மிடத்திலும், நெடுங்காலமாக இருந்து வருகிறது. பிள்ளையின் கழுத்தோ முழங்கையோ கறுத்திருந்தால் அதை அழுக்கென்றே கருதி, எரியும் வரை தேய்த்துக் குளிப்பாட்டுகிறோம். இவ்வழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

நிறம் தோலின் மேற்பரப்பில் படிந்த பொருளன்று. மெலனின் என்னும் நிறமியை உருவாக்கும் செல்கள் மேல்தோலின் அடித்தளத்தில் உள்ளன. அவற்றின் எண்ணிக்கை எல்லா மனிதருக்கும் ஏறத்தாழ ஒன்றே. அவை உருவாக்கும் நிறமியின் அளவும் தன்மையுமே வேறுபடுகின்றன. நாம் தேய்த்து அகற்றக்கூடியவை மேலே உதிரக் காத்திருக்கும் இறந்த செல்கள் மட்டுமே. அழுத்தித் தேய்த்தால் தோல் காயமுறும். காயமுற்ற கறுப்புத் தோல் இன்னும் மிகுதியாக மெலனினைச் சுரக்கும். அவ்வாறு விழும் கரும்புள்ளிகள் மறையப் பல மாதங்கள் ஆகலாம். வெளுப்பை நாடித் தேய்த்தவருக்குக் கருமையே மிஞ்சுகிறது. வெளிர்தோலில் சிவந்து எச்சரிக்கும் காயம் கருந்தோலில் எளிதில் தென்படாது என்பதையும் மறந்துவிடலாகாது.

அப்படியானால் தேய்க்கவே கூடாதா? அவ்வாறு நாம் சொல்லவில்லை. இறந்த செல்கள் சேர்ந்தால் கறுப்புத் தோல் சாம்பல் பூத்தாற்போல் மங்கிக் காணும். சுருள்முடி உடையோருக்கு, மழித்தபின் முடி உள்நோக்கி வளர்ந்து கொப்புளம் உண்டாவதும் மிகுதி. மென்மையாகத் தேய்ப்பது இவ்விரண்டுக்கும் உதவும். கானாவில் 'சாப்போ' என்னும் நார்ப்பஞ்சும், வாழையினத் தோல், கொக்கோ நெற்று ஆகியவற்றின் சாம்பலில் செய்த கருஞ்சோப்பும் வழக்கில் உள்ளன. அங்கு குளித்தபின் தோலுக்குச் ஷியா வெண்ணெய் பூசுகின்றனர். மொராக்கோவின் ஹம்மாமில் நீராவியில் உடலை நன்கு ஊறவிட்ட பின்னரே 'கெஸ்ஸா' கையுறையைக் கையில் எடுப்பர். முதலில் ஊறவைத்தல், பிறகு தேய்த்தல், முடிவில் எண்ணெய்ப்பசை என்னும் இவ்வொழுங்கில் நல்லறிவு இருக்கிறது.

நம் வீட்டிலும் இதுவே போதும். வெதுவெதுப்பான நீரில் ஊறியபின் மெல்லிய துணியாலோ நன்கு நனைத்த பீர்க்கங்காய் நாராலோ வாரம் ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை, மெதுவாகத் துடைக்கலாம். ஈரம் உலரும் முன் எண்ணெயோ களிம்போ பூச வேண்டும். கல், உப்பு, எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா ஆகியவை முகத்துக்கு ஆகா. பரு, புண், புதிதாக மழித்த இடம் ஆகியவற்றைத் தேய்க்கலாகாது. வெயிலில் செல்வோர் தோலை மறைத்துக்கொள்வதும் நன்று. வெயில் கரும்புள்ளிகளை ஆழமாக்கும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கழுத்திலும் அக்குளிலும் தோல் வெல்வெட்டைப் போல் தடித்துக் கறுத்தால், பெரும்பாலும் அது உடல் இன்சுலினுக்குச் சரிவர இணங்காததன் அடையாளம். அதைத் தேய்க்கும் தாய், நீரிழிவின் முன்னறிவிப்பைக் காணத் தவறுகிறார். அப்பிள்ளைக்குத் தேவை மருத்துவரும் இரத்தச் சர்க்கரைப் பரிசோதனையுமே.

தேய்த்தும் போகாத நிறத்தை வெளுப்பூட்டும் களிம்புகளால் போக்க முயல்வோரும் உளர். அவற்றுள் சிலவற்றில் பாதரசம் உண்டு. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஹைட்ரோகுவினோன் என்னும் வெளுப்பூட்டி கலந்த அழகுப் பொருள்களைக் கானா அரசு 2016-இல் தடை செய்தது. தடைக்குப் பின்னும் இத்தகைய களிம்புகளின் சந்தை ஓயவில்லை. மனத்தில் வேரூன்றிய வெட்கத்தைச் சட்டத்தால் மட்டும் களைய இயலாது.

அவ்வெட்கம் பெரும்பாலும் வீட்டிலேயே விதைக்கப்படுகிறது. நிறங்களின் வேற்றுமை அல்லாஹ்வின் அத்தாட்சி என்று நம்புகிறோம். பிலால் (ரலி) அவர்களின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டி மகிழ்கிறோம். அதே நாவினால் பெண் பார்க்கச் சென்ற வீட்டில் 'நிறம் கொஞ்சம் கம்மி' என்று சொல்வது எவ்வாறு பொருந்தும்? உடல் நமக்கு அளிக்கப்பட்ட அமானிதம். அதைத் தூய்மையாக வைத்திருப்பது நம் பொறுப்பு. அதன் நிறத்தை அழுக்கென்று கருதி அழிக்க முயல்வது அமானிதத்துக்குச் செய்யும் தீங்கு. அடுத்த முறை பிள்ளையைக் குளிப்பாட்டுகையில், நம் கையும் நாவும் மென்மையாக இருக்கட்டும்.