படியிறங்காத நாய்

நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் நாய் இல்லாத தெரு கிடையாது. ஆனால் கேட்டைத் திறந்தால் அமைதியாகப் படியிறங்கி, தெருமுனை வரை நடந்து, திரும்பி வரும் வீட்டு நாய் எத்தனை? சில நாய்கள் திறந்த வேகத்தில் பாய்ந்து ஓடும். சில நாய்கள் படியருகிலேயே வயிற்றைத் தரையோடு அழுத்திப் படுத்துவிடும். வால் கால்களுக்கு இடையில் போயிருக்கும், உடம்பு நடுங்கும், பிடித்த கறித்துண்டை நீட்டினாலும் முகர்ந்து பார்க்காது. ஓடும் நாயைத் தேடி ஆள் அனுப்புகிறோம். படுத்துவிட்ட நாயைப் பார்த்துச் சிரிக்கிறோம். "பயந்தாங்கொள்ளி, சோத்துக்குக் கேடு" என்று ஒரே வரியில் அதன் கணக்கை முடித்துவிடுகிறோம்.

அந்தப் பயத்தில் நம் பங்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்க இதுவரை நாம் உட்கார்ந்ததில்லை. ஆவுடையார்கோயிலிலிருந்து விராலிமலை வரை ஊர் சேர்ந்து செய்த பிழை இது. ஊர் சேர்ந்துதான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

குட்டியிலிருந்தே தொடங்கலாம். ஈன்ற நாயிடமிருந்து பெட்டைக் குட்டிகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டு, இருட்டியபின் கண்மாய்க் கரையிலோ சந்தைத் திடலிலோ விட்டு வருவது நம் ஊர்களில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத வழக்கம். கடுவன் குட்டிக்கு மட்டும் வீடு கிடைக்கும். அதையும் சோறு நக்கத் தொடங்கிய கையோடு தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து கட்டிவிடுகிறோம்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஃப்ரீட்மன், கிங், எலியட் ஆகிய மூவர் உயரமான வேலி போட்ட வயலுக்குள் நாய்க்குட்டிகளை மனித வாடையே படாமல் வளர்த்துப் பார்த்து, 1961இல் முடிவை வெளியிட்டார்கள். சில குட்டிகளை வெவ்வேறு வாரங்களில் வெளியே எடுத்து ஒரு வாரம் மனிதர்களோடு பழகவிட்டார்கள். 14 வாரம் வரை மனிதரையே அறியாமல் இருந்த குட்டிகள் அதன்பின் எவ்வளவு முயன்றும் இயல்பாகப் பழகவில்லை. அதே ஆய்வகத்தில் ஸ்காட், ஃபுல்லர் இருவரும் நடத்திய நீண்ட ஆய்வு 1965இல் நூலாக வந்தது. பிறந்த 3ஆம் வாரத்திலிருந்து ஏறத்தாழ 12ஆம் வாரம் வரைதான் ஒரு நாய் உலகத்தை நம்பக் கற்றுக்கொள்ளும் பருவம் என்பது அவர்கள் கண்டது. பேருந்து, குடை, தலையில் புல்லுக்கட்டு வைத்து வரும் பெண், ஹெல்மெட் போட்ட ஆள் எல்லாம் அந்தப் பருவத்தில் கண்ணில் பட்டிருந்தால் பின்னால் பூதமாகத் தெரியாது.

அந்த வாரங்களை நாம் எப்படிக் கழித்தோம்? பார்வோ நோய்க்குப் பயந்து, ஊசி எல்லாம் முடியட்டும் என்று குட்டியை மாடிப்படிக்கு அடியில் அடைத்து வைத்தோம். ஊசி வரிசை முடிய 16 வாரம் ஆகும். அதற்குள் பழகும் பருவம் கடந்துவிடும். நோய்ப் பயம் நியாயமானதுதான். அமெரிக்காவின் கால்நடை நடத்தை மருத்துவர்கள் சங்கம், முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆனபின் 7, 8 வாரக் குட்டியையே பாதுகாப்பான இடங்களில் பழக்கத் தொடங்கலாம் என்று 2008இலேயே சொல்லிவிட்டது. மற்ற நாய்கள் கழித்த மண்ணில் இறக்கிவிடாமல் கையில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றினாலே போதும். கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துத் தேர் காட்டத் தெரிந்த நமக்கு இது தோன்றாமல் போனது.

அடுத்த குற்றம் சங்கிலி. 'காவலுக்கு' என்று சொல்லி நான்கடிச் சங்கிலியில் கட்டிப்போட்டோம். கேட்டுக்கு அடியில் உள்ள இடைவெளிதான் அதற்கு உலகம். அதன் வழியாகத் தெரிவது செருப்புக் கால், டயர், பள்ளி விட்டுப் போகும் பையன் கையில் உள்ள குச்சி. பழக வழியில்லை, விலகி ஓடவும் வழியில்லை. குரைக்க மட்டுமே முடியும். குரைத்தால் "நல்லா காவல் காக்குது" என்று மெச்சினோம். அந்தக் குரைப்பில் பாதி, கிட்டே வராதே என்ற கெஞ்சல் என்பது நமக்குப் புரியவில்லை. ஒரு நாள் யாரையாவது கடித்தபின் "வெறி பிடிச்சிருச்சு" என்றோம்.

தெருவில் கிடப்பவற்றின் கதை வேறு. கல் எடுப்பதுபோல் குனிந்து பாருங்கள், நம் ஊர்த் தெருநாய் அந்தக் கணமே ஓடும். கல் தேவையே இல்லை. எத்தனை கல் பட்டிருந்தால் இந்தப் பாடம் இவ்வளவு துல்லியமாகப் பதிந்திருக்கும்! பிறகு அந்த நாய்களில் ஒன்றை யாராவது இரக்கப்பட்டு வீட்டுக்குள் எடுத்து வளர்க்கும்போது, அது ஏன் மறுபடி தெருவில் கால் வைக்க மறுக்கிறது என்று வியக்கிறோம். நாம் நின்று கல்லெறிந்த தெருதானே அது.

சத்தத்துக்கு வருவோம். மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாயின் காது 40,000ஐத் தாண்டியும் கேட்கும். 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் அதிரும் வெடியைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று விதி இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னதன்படி தமிழ்நாட்டில் தீபாவளிக்குக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரமும் குறித்தார்கள். அந்த நேரத்தை நம்மில் யார் மதித்தோம்? அதுவும் நம் மாவட்டத்தில் வெடி தீபாவளியோடு நிற்பதில்லை. கேத ஊர்வலத்துக்கு வெடி. காதுகுத்துக்கு வெடி. கட்சித் தலைவர் வந்திறங்கினால் பத்தாயிரம் வாலா. அம்மன் கோயில் பூச்சொரிதலுக்கு வாணவேடிக்கை. இவை போக, திருமயம், இலுப்பூர், குளத்தூர் பக்கம் குவாரிகளில் பாறைக்கு வைக்கும் வெடி தரையோடு அதிர்ந்து வரும். எப்போது வெடிக்கும் என்று தெரிந்த சத்தத்துக்கு உடம்பு ஓரளவு தயாராகும். எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம் என்றால் இருபத்துநான்கு மணி நேரமும் உடம்பு விறைத்தேதான் இருக்கும்.

கஜா புயலில் செய்ததையும் சொல்லியாக வேண்டும். 2018 நவம்பர் 16 விடிவதற்குள் ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கிப் பக்கம் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. தகரக் கூரைகள் பறந்தன. மறுநாள் விழுந்த மரத்தை எண்ணினோம், செத்த ஆட்டை எண்ணினோம். அன்றைய பேரிடர் நிவாரண விதிப்படி கறவை மாட்டுக்கு 30,000 ரூபாய், ஆட்டுக்கு 3,000 ரூபாய், கோழிக்கும் ஒரு தொகை. அந்தப் பட்டியலில் நாய்க்கு வரி இல்லை. அரசைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நம் மனப்பட்டியலிலும் அதற்கு வரி இல்லாமல்தான் இருந்தது. அன்று இரவு முழுவதும் கட்டிப்போட்ட இடத்திலேயே காற்றைக் கேட்டுக்கொண்டிருந்த நாய், பிறகு வேப்பமரம் அசைந்தாலே கட்டிலுக்கடியில் நுழைந்தபோது, "வயசாயிருச்சு" என்று விட்டுவிட்டோம்.

இதற்கு உலகப் புகழ்பெற்ற முன்னுதாரணம் உண்டு. 1924 செப்டம்பரில் லெனின்கிராடில் நேவா ஆறு பெருக்கெடுத்து, ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவின் ஆய்வக நாய்க் கூண்டுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. கூண்டின் மேல்விளிம்பில் மூக்கை நீட்டி மிதந்த நாய்களைப் பணியாளர்கள் தண்ணீருக்குள் அமுக்கி, வாசல் வழியாக இழுத்து மீட்டார்கள். பிழைத்த நாய்களில் சில, அதுவரை கற்றிருந்ததை எல்லாம் மறந்துபோயின. மெல்ல மெல்லத் தேறி வந்தபின் ஒரு நாயின் அறைக் கதவுக்கடியில் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டார் பாவ்லோவ். பழைய அச்சம் அப்படியே திரும்பி வந்தது. வெள்ளம் வடிந்து நாளாகியிருந்தது, நாய்க்குள் வடியவில்லை.

இன்னொரு பிழை, அடங்கிப்போன நாயைச் சாது என்று பாராட்டியது. 1967இல் செலிக்மன், மையர் என்ற இருவர் செய்த கொடுமையான பரிசோதனையில், தப்பவே முடியாதபடி மின்னதிர்ச்சி வாங்கிய நாய்கள், பிறகு தாண்டக்கூடிய தடுப்பு எதிரே இருந்தும் தாண்டாமல் படுத்துக்கிடந்தன. வெளியே இழுத்துப்போனதும் அசையாமல் நிற்கும் நம் நாயும் பல நேரம் அந்த நிலையில்தான் இருக்கிறது. காரணமில்லாமல் கொட்டாவி விடுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, வெயிலில்லாமலே மூச்சிரைப்பது ஆகியவை எல்லாம் அது நம்மிடம் சொன்ன சொற்கள். நாம் காதில் வாங்கவில்லை.

தெரியாமல் செய்தோம் என்று தப்பிக்கவும் வழியில்லை. மிருகத்தின் மிரட்சியைப் போக்குவது எப்படி என்று தமிழ்நாட்டிலேயே நன்றாகத் தெரிந்தவர்கள் நாம். ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு நடக்கும் தச்சங்குறிச்சி நம் மாவட்டம். 2019 ஜனவரி 20இல் 1,350க்கும் மேற்பட்ட காளைகளை அவிழ்த்துவிட்டுச் சாதனை படைத்த விராலிமலையும் நம் மாவட்டம். காளை வளர்ப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். பொங்கலுக்குப் பல மாதம் முன்பே நடை தொடங்கிவிடும். கண்மாயில் நீச்சல், மண் குத்தல், ஆள் புழங்கும் இடங்களில் நிறுத்திப் பழக்குவது என்று நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும் வேலை அது. அடித்து மிரட்சியைப் போக்க முடியாது என்பது அவருக்குப் பாலபாடம். வாடிவாசலில் காளைக்குப் பயமே இல்லையென்று இங்கே வாதாட வரவில்லை. அது உச்ச நீதிமன்றம் வரை போய் 2023இல் தீர்ப்பு வந்த வழக்கு. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக, நாட்டு இனங்கள் வாழ வேண்டும் என்று தெருவில் உட்கார்ந்தோம். சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, ராஜபாளையம் என்று நாய்ப் பெயர்களையும் பெருமையாகச் சொன்னோம். காளைக்குக் கொடுத்த பொறுமையில் கால் பங்கை வாசலில் கட்டியிருந்த நாய்க்குக் கொடுக்கவில்லை. அது தெரியாமையில் சேராது. அலட்சியம்தான்.

சரிசெய்வதும் அதே வழியில்தான். இழுத்துக்கொண்டு போகாதீர்கள், இழுக்க இழுக்கப் பயம் உறுதிப்படும். பேருந்து ஓடத் தொடங்காத அதிகாலையில் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு உள்ளேயே உட்காருங்கள். நாய் எட்டிப் பார்த்தால் ஒரு துண்டு ஈரல். ஒரு கால் படியில் வைத்தால் இன்னொரு துண்டு. தின்ன மறுத்தால் நாம் அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள். இரண்டடி பின்வாங்க வேண்டும். பயம் தலைக்கேறும் முன்பே அன்றைய பாடத்தை முடித்துவிட வேண்டும். கழுத்துப் பட்டையை மிரண்ட நாய் பின்வாங்கியே உருவிவிடும். நெஞ்சைச் சுற்றிக் கட்டும் பெல்ட்தான் பாதுகாப்பு. தடவிக் கொடுத்தால் பயம் கூடும் என்பது தவறான நம்பிக்கை. தானாக ஒண்டி வரும் நாயை அணைத்துக்கொள்ளலாம், ஒளிந்துகொள்ளும் நாயை இழுக்காமல் விட்டுவிடலாம். மாதக்கணக்கில் ஆகலாம். சில நாய்கள் கடைசிவரை கடைத்தெருவை விரும்பாமலே இருக்கலாம். அவற்றுக்குக் கொல்லைப்புறமே போதும்.

பயத்துக்கு வைத்தியம் உண்டு என்பதையே நாம் கேட்டதில்லை. கால்நடை மருத்துவமனைக்கு நாயைக் கொண்டுபோனால் வெறிநாய்க்கடி ஊசி, சொறி மருந்து, இவ்வளவுதான் நம் கேள்வி. காதில் சீழ், மூட்டு வலி போன்றவைகூட நாயை வெளியே வர அஞ்ச வைக்கும். முதலில் அதைப் பார்க்க வேண்டும். கடுமையான பதற்றத்துக்கு மாத்திரைகள் இருக்கின்றன. பழக்குவதோடு சேர்த்து, மருத்துவர் எடை பார்த்துக் கொடுக்க வேண்டியவை. நம் வீட்டுத் தூக்க மாத்திரையையோ காய்ச்சல் மாத்திரையையோ கொடுப்பது ஆபத்து. அசிப்ரோமசின் போன்ற மயக்க மருந்தை மட்டும் கொடுத்தால் உடம்பு அசையாது, உள்ளே பயம் அப்படியே இருக்கும். ஒரத்தநாட்டில் 2012இலிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரியே இயங்குகிறது. பக்கத்து மாவட்டம்தான். தீபாவளிக்கு முந்தைய நாள் ஓடாமல், சில வாரங்கள் முன்பே போக வேண்டும்.

ஊராகவும் செய்ய ஒன்று உண்டு. திருவிழா மைக்கில் கிடாவெட்டு நேரம் சொல்கிறோம், அன்னதான நேரம் சொல்கிறோம். வேட்டுப் போடும் நேரத்தையும் சொல்லலாமே. கைக்குழந்தைக்காரரும் இதய நோயாளியும் நன்றி சொல்வார்கள். நாய் வைத்திருப்பவர் அதற்குள் உள்ளறையில் விட்டு, சன்னலைச் சாத்தி, டிவியைக் கொஞ்சம் உரக்க வைத்துவிடலாம்.

மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தொடங்கிவைத்த முயற்சியில் விளைந்தது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். அதன் 11ஆம் பிரிவு மிக நேராகப் பேசுகிறது: அளவுக்கு மீறிக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது குற்றம், எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்கு உடற்பயிற்சி தராமல் விடுவதும் குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் தொகை மாறவில்லை, நாமும் மாறவில்லை. சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அதிகாரிகள் வீடு வீடாக வந்தால் நம் தெருக்களில் பலரும் பணப்பையைத் திறக்க வேண்டியிருக்கும். மறுக்காமல் கட்டிவிடுவோம். கட்டியபின் கேட்டைச் சாத்திவிட்டு, அவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள் சங்கிலியையும் அவிழ்த்துவிடுவோம்.