நாம் வாங்குவது வால்வா, பெயரா?

நம் மன்றத்தின் பழைய ஆம்ப்ளிபயர் பொங்கல் விழாவின்போது கரகரத்து ஓய்ந்தது. பெயர்பெற்ற வெளிநாட்டு வால்வுகளை வரவழைக்க நன்கொடை திரட்டலாம் என்கின்றனர் ஒரு சாரார். சற்றுப் பொறுங்கள் என்கிறேன் நான். பட்டவன் சொல்கிறேன்.

வேலூரிலிருந்து பிழைப்பு நாடிச் சித்தூரில் குடியேறியவர் என் தந்தை. நாகசுர இசைத்தட்டுக் கேட்பது ஒன்றே அவருடைய பொழுதுபோக்கு. சென்ற கோடையில் அவர் ஆம்ப்ளிபயரும் இப்படித்தான் கரகரத்தது. பௌதிகம் படிக்கும் மகன் அல்லவா நான்! எதையும் சோதியாமல், ஒரு மாத விடுதிச் சாப்பாட்டுப் பணத்துக்குப் பழைய இங்கிலாந்து இ.எல். 84 வால்வுகள் இரண்டை வாங்கி மாட்டினேன். கால்மணி நேரத்தில் ஒன்றின் உள்தகடு செக்கச் சிவந்தது. அப்பா கடிந்துகொள்ளவில்லை, இசைத்தட்டை உறையில் இட்டு எடுத்து வைத்தார். அந்த மௌனம்தான் என்னைச் சுட்டது.

சித்தூரில் ரேடியோ பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் அதைத் திறந்து பார்த்தார். "வால்வு தானாச் சாகலை தம்பி, கொன்னவன் உள்ளேயே இருக்கான்" என்று ஒரு கண்டென்சரைக் காட்டினார். ஒலியை மட்டும் விட்டு, முன்வால்வின் டி.சி. மின்னழுத்தத்தைத் தடுக்க வேண்டியது அது. வயதாகிக் கசிந்துவிட்டது. கசிவு கிரிட்டை அடைந்ததும் வால்வு அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுத்தது. எந்த நாட்டு வால்வுக்கும் அங்கே அதே கதிதான். கண்டென்சரின் விலையோ சில ரூபாய்!

ஆகவே முதலில் கண்டென்சர்களைச் சோதிப்போம். அடுத்து எண்ணைப் பார்ப்போம்: இ.எல். 84-ம் 6 பி.க்யூ. 5-ம் ஒன்றே. ஆனால் ஒன்பது கால் சாக்கெட்டில் நுழைவதெல்லாம் இ.எல். 84 ஆகிவிடாது. பிறகு அளப்போம். கேத்தோடு மின்தடை 270 ஓம், அதன் குறுக்கே 10.8 வோல்ட் என்றால் மின்னோட்டம் 40 மில்லியாம்பியர். அதைத் தகட்டு மின்னழுத்தத்தால் பெருக்கினால் வருவது 12 வாட்டைத் தாண்டலாகாது. இணை வால்வுகள் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு இழுக்க வேண்டும். இல்லையேல் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் காந்தமேறிக் கீழ்ச்சுருதி கெடும். அளப்பவர் கவனம்! உள்ளே 300 வோல்ட் உண்டு. சுவிட்சை அணைத்த பின்னும் பெரிய கண்டென்சர்களில் அது தங்கியிருக்கும்.

தயாரித்தவர் யார் என்ற கேள்வி இவற்றுக்குப் பின்புதான். நம் திருப்பதிப் பல்கலைக்கழகம் தோன்றிய அதே 1954-இல் பெங்களூரில் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ், 1961 முதல் ரேடியோ வால்வுகளைச் செய்தது. இன்று செய்வதில்லை, பழைய கடைகளில் மிச்சம் கிடைப்பதுண்டு. புதியவை பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா நாடுகளிலிருந்து வருகின்றன. 2022-இல் ரஷ்யா ஏற்றுமதியைத் தடுத்தபோது தட்டுப்பாட்டுக்கு அஞ்சி எங்கும் வால்வு தேடினார்கள். விலை கூடியதால் இசை இனித்ததா என்ன?

பழைய ஆலைகளின் வால்வுகள் சில நெடுங்காலம் உழைப்பதை நான் மறுக்கவில்லை. நல்ல வால்வு என்று அளவு காட்டட்டும். அட்டைப்பெட்டி காட்ட வேண்டாம். அறிவியல் படிக்கும் நாமே பெயருக்கு மயங்கினால், படித்ததன் பயன் யாது?

கண்டென்சரை மாற்றி, பழைய வால்வுகளையே மீண்டும் மாட்டினேன். அப்பாவின் நாகசுரம் இன்றும் ஒலிக்கிறது. நன்கொடைப் புத்தகத்தைத் திறக்குமுன், மன்றத்தாரே, மல்டிமீட்டரை எடுங்கள்!