செய்தியும் மீட்புப் பணியே

நிலத்தடிச் சுரங்கத்தில் தொழிலாளர்கள் சிக்கிக்கொள்ளும்போது இரண்டு பணிகள் ஒரே நேரத்தில் தொடங்கிவிடுகின்றன. அவர்களைச் சென்றடைவது ஒன்று; அவர்களைப் பற்றி அறியவந்ததை, வெளியே காத்திருக்கும் குடும்பத்தாருக்கும் உலகுக்கும் சொல்வது மற்றொன்று. முதற்பணிக்குச் சட்டமும் கருவியும் பயிற்சியும் உள்ளன; இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் சுரங்க மீட்பு விதிகள், மீட்பு நிலையங்கள் எவ்வாறு இயங்க வேண்டும், மீட்போர் எவ்வாறு பயிற்சி பெற வேண்டும், சுவாசக் கருவிகள் எவ்வாறு பேணப்பட வேண்டும் என்பனவற்றை வகுத்துரைக்கின்றன. இரண்டாவது பணியோ பெரும்பாலும் அந்த நேரத்தில் சுரங்க வாயிலில் நிற்பவரின் நாவன்மைக்கும் மனநிலைக்கும் விடப்படுகிறது. அப்பணி தவறும்போது பழி முழுவதையும் செய்தியாளர்கள்மீது சுமத்துவது சுரங்கத் தொழில்துறையில் வேரூன்றிவிட்ட வழக்கம். நன்கு ஆவணப்படுத்தப்பட்ட விபத்துகளைக் கூர்ந்து பார்த்தால், பிழையின் தொடக்கம் பெரும்பாலும் மீட்பு அமைப்புக்குள்ளேயே இருந்திருப்பது தெரியவரும்.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்திலுள்ள சேகோ நிலக்கரிச் சுரங்கத்தில் 2006 ஜனவரி 2 காலை நிகழ்ந்த வெடிப்பு இதற்குத் தலையாய சான்று. கைவிடப்பட்ட பகுதியை அடைத்திருந்த தடுப்புகளுக்குப் பின்னால் தேங்கியிருந்த மீத்தேன் தீப்பற்றி வெடித்து, தடுப்புகளைத் தகர்த்தது. பதின்மூன்று பேர் உள்ளே சிக்கினர். அவர்களுள் ஒருவர் தனியே இறந்து கிடந்தார், ஏனைய பன்னிருவரும் நிலக்கரி முகப்பருகே காற்றுத் திரைத்துணியைக் கட்டி, கார்பன் மோனாக்சைடு நிறைந்த காற்றைத் தடுக்க முயன்று, அதற்குப் பின்னால் காத்திருந்தனர். மீட்புக் குழு அவர்களைக் கண்டபோது ஜனவரி 3 நள்ளிரவு நெருங்கிவிட்டிருந்தது. அப்போது உயிருடன் இருந்தவர் ஒருவரே.

அந்த உண்மை மேற்பரப்பை அடைந்த வழியைத்தான் ஒவ்வொரு மீட்பு அலுவலரும் அங்குலம் அங்குலமாக ஆராய வேண்டும். கண்டுபிடித்தவர்கள் முகம் முழுவதையும் மூடும் சுவாசக் கருவி அணிந்திருந்தனர். அதனூடே பேசும் பேச்சு இயல்பாகவே மழுங்கும். அவர்களிடமிருந்த வானொலிக் கருவிகளால் வெளிவரை எட்ட முடியாததால், சுரங்கப் பாதை நெடுகிலும் நின்ற ஆட்கள் ஒருவர் சொன்னதை அடுத்தவரிடம் சொல்ல, அவர் அதற்கடுத்தவரிடம் சொல்ல, இறுதியில் நல்ல காற்றுத் தளத்தின் வழியாக, அதாவது மீட்போர் கருவியின்றி மூச்சுவிடக்கூடிய ஃபிரெஷ் ஏர் பேஸ் வழியாக, அது மேலேயுள்ள கட்டுப்பாட்டு அறைக்கு வந்து சேர்ந்தது. பன்னிருவர் கண்டுபிடிக்கப்பட்டனர் என்பதும் ஒருவர் உயிருடன் உள்ளார் என்பதும் இத்தனை வாய்களைக் கடந்து வருகையில், பன்னிருவரும் உயிருடன் உள்ளனர் என்று ஆகிவிட்டன. கேட்டவர் தாம் கேட்டதைத் திருப்பிச் சொல்லி, சொன்னவர் அதை ஆமென்று உறுதி செய்யும் எளிய நடைமுறை அந்தத் தொடரின் ஒவ்வொரு கண்ணியிலும் பின்பற்றப்பட்டிருந்தால், பிழை அங்கேயே பிடிபட்டிருக்கும். கட்டுப்பாட்டு அறையில் அச்சொல்லைக் கேட்டவர்கள் பலர். கேட்ட மாத்திரத்தில் அது கைப்பேசிகள் வழியாகச் சேகோ பாப்டிஸ்ட் தேவாலயத்தில் கூடியிருந்த குடும்பங்களை எட்டியது, தேவாலய மணி ஒலித்தது, ஆளுநர் ஜோ மான்சினும் அந்த மகிழ்ச்சியில் பங்கு கொண்டார்.

ஏறத்தாழ முக்கால் மணி நேரத்திலேயே முதற்செய்தி பிழையாக இருக்கலாம் என்பது கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியவந்துவிட்டது. ஆனால், சரியான எண்ணிக்கை உறுதியாகத் தெரிந்த பின்னரே பேச வேண்டும் என்ற எண்ணத்தில் நிர்வாகம் காத்திருக்க, மகிழ்ச்சியில் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தைக் கழித்துவிட்ட பின்னரே குடும்பங்களுக்கு உண்மை கூறப்பட்டது. அதற்குள் பல நாளிதழ்கள் அச்சாகிவிட்டிருந்தன. மறுநாட்காலையில் பன்னிருவரும் பிழைத்தனர் என்ற தலைப்புச் செய்தியுடனேயே அவை வாசகர் கைக்குப் போயின. ஆளுநரும் உறவினர்களும் கூறியதை நம்பி எழுதிய செய்தியாளர்கள், மீட்புக் குழுவினரோ கட்டுப்பாட்டு அறையின் பொறுப்பாளரோ இதை உறுதி செய்தார்களா என்று கேட்காமல் விட்டது குறையே. எனினும் முதல் நாற்பத்தைந்து நிமிடங்களின் பிழையும் அதன்பின் வந்த இரண்டு மணி நேர மௌனமும் ஒரே எடையுடையன ஆகமாட்டா. முன்னது கருவியும் களைப்பும் விளைத்தது. பின்னது தெரிந்தே எடுக்கப்பட்ட முடிவு. முந்தைய தகவல் உறுதியாகவில்லை, மாறக்கூடும் என்ற ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்கு இறந்தோரின் எண்ணிக்கை தெரிந்திருக்க வேண்டிய தேவையில்லை.

அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய மைனர் சட்டம், விபத்துக்குப் பின்னும் செயல்படக்கூடிய இருவழித் தொடர்புக் கருவிகள், கூடுதல் சுவாசக் கருவிகள், வலுவான தடுப்புகள் ஆகியவற்றைக் கட்டாயமாக்கியதோடு நில்லாமல், குடும்பங்களுக்கெனத் தனியே ஒரு தொடர்பு அலுவலர் இருக்க வேண்டும் என்றும், குடும்பத்தாரிடமும் ஊடகத்திடமும் பேசும் முதன்மைப் பொறுப்பு கூட்டாட்சி அரசின் சுரங்கப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு உரியது என்றும் விதித்தது. செய்தி சொல்வதும் மீட்புப் பணியின் உறுப்பே என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது இங்கேதான்.

ஏட்டில் எழுதியது களத்துக்குத் தானாக வந்துவிடாது என்பதை அடுத்த ஆண்டே யூட்டா மாநிலத்தின் கிராண்டல் கேன்யன் சுரங்கம் காட்டியது. 2007 ஆகஸ்ட் 6 அன்று, தாங்கு தூண்களாக விடப்பட்ட நிலக்கரியை வெட்டியெடுத்துக்கொண்டே பின்வாங்கும் முறையில், அதாவது இந்தியச் சுரங்கங்களில் டீப்பில்லரிங் எனப்படும் முறையில் வேலை நடந்த அச்சுரங்கம் இடிந்து அறுவர் சிக்கினர். சுரங்க உரிமையாளர் ராபர்ட் மரே நாள்தோறும் கேமராக்கள் முன் நின்று, இயற்கையான நிலநடுக்கமே இடிவுக்குக் காரணம் என்று வற்புறுத்தினார். தொலைக்காட்சிக் குழுவினரைச் சுரங்கத்துக்குள்ளேயே அழைத்துச் சென்றார். 3.9 அளவில் பதிவான அந்த அதிர்வு சுரங்கம் இடிந்ததன் விளைவே என்பதை நிலநடுக்கவியலாளர்கள் கண்டறிந்தனர். ஆகஸ்ட் 16 அன்று மீட்புப் பணியின் நடுவே மீண்டும் இடிந்து மீட்போர் மூவர் உயிரிழந்தனர். அறுவரின் உடல்கள் இன்றுவரை அந்த மலைக்குள்ளேயே உள்ளன. சட்டம் தனக்களித்த பேசும் பொறுப்பைப் பாதுகாப்பு நிர்வாகம் உரிமையாளரிடம் விட்டுவிட்டது என்று பின்னர் நடந்த ஆய்வு கடிந்துரைத்தது. விசாரணைக்கு உட்பட வேண்டியவரே விபத்தின் காரணத்தை உலகுக்கு விளக்கும் நிலை எந்த நாட்டிலும் நேரக் கூடாது.

சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், கோபியாப்போ நகருக்கு அருகிலுள்ள சான் ஹோசே சுரங்கத்தில் 2010 ஆகஸ்ட் 5 அன்று சிக்கிய 33 பேரின் கதை உலகறிந்தது. அதன் பொறியியலைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது: 17ஆம் நாளில் ஏறத்தாழ 700 மீட்டர் ஆழத்தை எட்டிய துளை, அத்துளையின் கருவியில் கட்டப்பட்டு மேலே வந்த துண்டுக் கடிதம், ஒன்றுக்கொன்று மாற்றாக மூன்று துளையிடும் திட்டங்கள், அவற்றுள் இரண்டாவது அக்டோபர் 9 அன்று வென்றமை, பீனிக்ஸ் என்ற கூண்டில் அக்டோபர் 13 அன்று அனைவரும் மேலேற்றப்பட்டமை. பாதுகாப்பு அலுவலர்கள் கற்க வேண்டியது வேறொன்றும் அங்கே உண்டு. மீட்புக்கு நம்பியிருந்த காற்றோட்டத் துளை ஆகஸ்ட் 7 அன்று மேலும் இடிந்து அடைபட்டபோது, சுரங்கத்துறை அமைச்சர் லாரன்ஸ் கோல்போர்ன் குடும்பங்கள் முன் நின்று, செய்தி நல்லதாக இல்லை என்று சொல்லிக் கண்கலங்கினார். கெட்ட செய்தியை மறைக்காத அந்த ஒரு நாள், பின்னர் அவர் சொன்ன நல்ல செய்திகள் அனைத்துக்கும் நம்பகத்தன்மை அளித்தது என்று கருத இடமுண்டு. உயிருடன் இருப்பது தெரிந்த பின்னரும், செப்டம்பர் 18 தேசிய நாளுக்குள் வெளிவர இயலாது, கிறிஸ்துமஸுக்குள் வெளிவரலாம் என்றே உள்ளிருந்தோரிடம் கூறப்பட்டது. அவர்கள் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளிவந்தனர்.

மீட்பு நாளில் அரசின் கேமராக்கள் எடுத்த காட்சிகளே எல்லா நிறுவனங்களுக்கும் வழங்கப்பட்டன. செய்தியாளர்கள் துளைவாயிலிலிருந்து விலக்கி நிறுத்தப்பட்டனர். வெளியே வந்தவுடன் எதிர்கொள்ள வேண்டிய கேள்விகளுக்கு உள்ளிருந்தோருக்கே முன்கூட்டிப் பயிற்சி தரப்பட்டது. இவை போற்றத்தக்கவை. ஆயினும் கீழே அனுப்பிய கடிதங்களையும் செய்தித்தாள்களையும் உளவியலாளர்கள் வடிகட்டியதும், அதைத் தொழிலாளர்கள் எதிர்த்ததும் மறக்கத்தக்கவை அல்ல. ஊரறிந்த செய்தியை உள்ளிருப்பவனுக்கு மட்டும் மறைக்கும் உரிமை மேலே நிற்பவருக்கு எந்த அளவு உண்டு என்ற கேள்விக்கு இத்துறை இன்னும் தெளிவான விடை காணவில்லை.

காலக்கெடு சொல்வதில் சிலியின் அணுகுமுறைக்கு நேரெதிரான காட்சி 2023 நவம்பரில் உத்தரகாண்டின் சில்க்யாரா சுரங்கப்பாதையில் காணக்கிடைத்தது. அது கட்டுமானத்தில் இருந்த நெடுஞ்சாலைச் சுரங்கப்பாதைதான் எனினும், மீட்பின் இயல்பால் இங்கே சேர்த்தெண்ணத்தக்கது. நவம்பர் 12 தீபாவளி அதிகாலையில் 41 தொழிலாளர்கள் சிக்கினர். இடிபாடு ஏறத்தாழ 60 மீட்டர் நீளம். அதனூடே எஃகுக் குழாயைச் செலுத்திய துளையிடும் இயந்திரம், இடிபாட்டில் புதைந்திருந்த இரும்புச் சட்டங்களில் மோதி மோதி நின்றது. நவம்பர் 22 இரவே மீட்பு முடியும் என்ற எதிர்பார்ப்பில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நிறுத்தப்பட்டன. அந்த இரவும் அடுத்த இரவும் கழிந்தன. 24ஆம் நாள் இயந்திரமே உடைந்தது. அடுத்தடுத்து அறிவித்த ஒவ்வொரு கெடுவும் குடும்பத்தாருக்கு ஒரு புதிய இழப்பாகவே முடிந்தது. களத்திலிருந்த பன்னாட்டுச் சுரங்கப்பாதை வல்லுநர் அர்னால்டு டிக்ஸ், கிறிஸ்துமஸுக்குள் அவர்கள் வீடு திரும்புவார்கள் என்று சொன்னபோது பலருக்கு அது அவநம்பிக்கையாகப் பட்டது. உண்மையில் பொறியியல் நேர்மையோடு அக்களத்தில் சொல்லப்பட்ட கெடு அதுதான். எலிவளைச் சுரங்கத் தொழிலாளர்கள் எஞ்சிய தொலைவைக் கையால் குடைந்து முடிக்க, நவம்பர் 28 மாலை அனைவரும் வெளியே வந்தனர். நவம்பர் 21 அன்று ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், இந்நிகழ்வைப் பரபரப்பாக்க வேண்டாம் என்றும் சுரங்கப்பாதைக்கு அருகிலிருந்து நேரலை செய்ய வேண்டாம் என்றும் தொலைக்காட்சிகளுக்கு அறிவுறுத்தியது. அறிவுரை பொருத்தமானதே. அதற்கு இணையாக, கெடு சொல்லும் அதிகாரிகளுக்கும் ஓர் அறிவுரை தேவைப்பட்டது.

உள்ளிருப்போருக்குச் செய்தி சொல்வதற்கு ஈடிணையற்ற முன்மாதிரி இந்தியாவிலேயே உண்டு. 1989 நவம்பர் 13 அன்று மேற்கு வங்கத்தின் ராணிகஞ்சு வட்டாரத்து மகாபீர் நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தபோது, பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில், அகலமான துளை ஒன்றை இட்டு, களத்திலேயே செய்வித்த எஃகுக் கூண்டில் தாமே முதலில் இறங்கினார். 65 பேரையும் மேலேற்றும்வரை கீழே இருந்தார். அடுத்து ஏறுவது யார், எவ்வளவு நேரமாகும் என்பதை அச்சத்தில் இருந்த மனிதர்களுக்கு அவர் நேரில் நின்று சொன்னதற்கு ஒப்பான தகவல் தொடர்பு வேறில்லை.

ஊடகத்தின் மிகையைப் பற்றிக் குறைகூறுவோர் அதன் இன்மையையும் எண்ண வேண்டும். 2018ஆம் ஆண்டின் நடுவில் தாய்லாந்துக் குகையில் சிக்கிய சிறுவர்களுக்காக உலகமே விழித்திருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 13 அன்று மேகாலயத்தின் க்சான் என்ற இடத்தில், 2014இலேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடைசெய்த எலிவளைச் சுரங்கம் ஒன்றில் ஆற்றுநீர் புகுந்து 15 பேர் மூழ்கியபோது, ஆற்றல்மிக்க நீரேற்றும் இயந்திரங்கள் வந்து சேர இரண்டு வாரம் ஆனது. தாய்லாந்துக்கு உதவிய இந்திய நிறுவனத்தின் இயந்திரங்கள் சொந்த நாட்டுத் தொழிலாளர்களுக்குத் தாமதமாகவே வந்தன. அவர்களுள் பெரும்பாலோரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. கேமராக்கள் சுரங்க வாயிலில் குவிவது தொல்லை என்று சலித்துக்கொள்ளும் அலுவலர்கள், கேமரா வராத வாயிலில் பம்பும் வருவதில்லை என்பதை நெஞ்சில் நிறுத்த வேண்டும்.

வந்த கேமராக்களும் மீட்பு முடிந்த அன்றே திரும்பிப் போய்விடுகின்றன. சான் ஹோசேயில் தப்பிச் செல்லும் காற்றோட்டத் துளையில் முழுநீள ஏணி இல்லை. 2007இல் ஓர் உயிரிழப்புக்குப் பின் மூடப்பட்ட அச்சுரங்கம் மறு ஆண்டே திறக்கப்பட்டிருந்தது. கூண்டு மேலேறியதைக் கோடிக்கணக்கானோர் பார்த்தனர். 2013இல் உரிமையாளர்கள்மீது குற்றச்சாட்டு ஏதுமின்றி விசாரணை முடிக்கப்பட்டதை அறிந்தவர் மிகச் சிலர். ஏணியைப் பற்றியும் தூணின் தடிப்பைப் பற்றியும் தடுப்பின் வலிமையைப் பற்றியும் பேசக்கூடியவர்கள் சுரங்கப் பொறியாளர்களே. அவர்கள் விசாரணை அறிக்கை வெளிவரும் நாளில் மௌனமாக இருந்துவிட்டு, விபத்து நாளின் செய்தியைக் குறைகூறுவது பொருந்தாது.

சுரங்கங்களில் ஆண்டுதோறும் நடத்தப்படும் மீட்பு ஒத்திகைகளில் இப்பணிக்கும் இடம் தரப்பட வேண்டும். சுவாசக் கருவி அணிந்தவர் நல்ல காற்றுத் தளத்துக்குச் சொல்லும் செய்தி, அங்கிருந்து கட்டுப்பாட்டு அறைக்கு எந்த வடிவில் சென்று சேர்கிறது என்பதை எழுதிப் பதிவு செய்து ஒப்பிட வேண்டும். கண்டவர் எத்தனை, உயிருடன் இருப்பவர் எத்தனை என்பவை தனித்தனியே சொல்லப்பட்டு, தனித்தனியே திருப்பிச் சொல்லப்பட வேண்டும். கட்டுப்பாட்டு அறையின் ஒலிபெருக்கியை யார் யார் கேட்கலாம் என்பது முன்னரே முடிவாக வேண்டும். குடும்பங்களிடம் பேசுபவர் யார் என்பது விபத்துக்கு முன்பே பெயர் குறித்துத் தீர்மானிக்கப்பட வேண்டும், அவர் ஊடகத்திடம் பேசுவதற்கு முன் குடும்பங்களிடம் பேச வேண்டும். அத்தகைய ஒத்திகைகளை நடத்தும் சுரங்கங்கள், செய்தி எந்தக் கண்ணியில் சிதைந்தது என்ற குறிப்புகளை அனுப்பிவைத்தால், சுரங்கத்தின் பெயரைக் குறிப்பிடாமல் அவற்றை அடுத்து வரும் இதழ்களில் வெளியிட ஆசிரியர் குழு ஆயத்தமாக உள்ளது.