தமிழுக்கு மாறினால் மெனு ஏன் உடைகிறது?

கொட்டாஞ்சேனையில் ஒரு தாய், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்குப் பிரதி எடுக்க எங்கே விண்ணப்பிப்பது என்று வீட்டு மடிக்கணினியில் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அரச இணையத்தளம் ஒன்று திறக்கிறது. மேலே சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கின்றன. தமிழைத் தெரிவு செய்கிறார். எழுத்துகள் மாறுகின்றன, கூடவே மெனுவும் குலைகிறது. ஆங்கிலத்தில் ஒரே வரியில் அடங்கியிருந்த எட்டுத் தலைப்புகளில் கடைசி இரண்டும் கீழிறங்கி, அங்கிருக்கும் படத்தின் மேல் ஏறி நிற்கின்றன. ஒரு தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது. எதைத் தொட்டால் எது திறக்கும் என்று விளங்காமல் அவர் ஆங்கிலப் பக்கத்துக்கே திரும்பி, தெரிந்த அளவு ஆங்கிலத்தில் தேடுகிறார்.

கொழும்பில் இணையத்தைத் தமிழில் பாவிக்க முயன்ற எவருக்கும் இது புதிதாக இராது. கேட்டால் வரும் மறுமொழியும் பழகியதுதான்: தமிழ்ச் சொற்கள் நீளம், என்ன செய்வது, மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லிச் சுருக்கப் பார்க்கலாம். இந்த மறுமொழி ஏன் பிழை என்பதைப் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கிறது. சொல்லில் கோளாறில்லை. அந்தச் சொல் இருக்க வேண்டிய பெட்டியின் அளவைச் சொல்லும் நாலைந்து வரிகளில்தான் கோளாறு. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் அவற்றைத் திருத்துவது பெரும்பாலும் ஒரு பிற்பகல் வேலை.

அந்த வரிகள் எழுதப்படும் மொழிக்கு சிஎஸ்எஸ் என்று பெயர். ஹோகன் வியூம் லீ 1994 ஒக்டோபரில் முன்மொழிந்து, 1996 டிசம்பரில் வேர்ல்ட் வைட் வெப் கன்சோர்ட்டியத்தின் பரிந்துரையாக வெளிவந்தது. ஒரு பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை எச்டிஎம்எல் சொல்கிறது. அது எங்கே, எவ்வளவு அகலத்தில், என்ன உயரத்தில், எந்த எழுத்துருவில் தெரிய வேண்டும் என்பதை சிஎஸ்எஸ் சொல்கிறது. மெனு என்பது அடிப்படையில் ஒரு பட்டியல். அதைக் கிடையாக அடுக்கி, ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு பெட்டி கொடுப்பது சிஎஸ்எஸ். ஆங்கிலத் தலைப்புகளை வைத்து வடிவமைத்து, ஆங்கிலப் பக்கத்தைக் காட்டி அனுமதி வாங்கி, பிறகு அதே பெட்டிகளுக்குள் தமிழைப் போடுவதுதான் இங்கே நடைமுறை. சிங்களப் பக்கமும் இதே துன்பத்தைப் படுகிறது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கரையோர ரயில் பாதையில் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று ஒவ்வொரு நிலையத்திலும் பெயர்ப்பலகை நிற்கிறது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்றுக்கும் இடம் ஒதுக்கி அளந்து செய்த பலகை அது. ஒரு மொழிக்குப் பலகை வெட்டிவிட்டு மற்ற இரண்டையும் பிறகு நெருக்கிச் செருகவில்லை. இணையத்தளத்தில் நாம் செய்வது அந்தச் செருகல்தான்.

எவ்வளவு வித்தியாசம் வரும்? ஆங்கிலத்தில் 10 எழுத்துக்கு உட்பட்ட சொற்கள் ஐரோப்பிய மொழிகளுக்குப் போகும்போது இரண்டு முதல் மூன்று மடங்காக நீளலாம் என்று ஐபிஎம் நிறுவனத்தின் அட்டவணை ஒன்று சொல்கிறது. கன்சோர்ட்டியத்தின் வழிகாட்டிக் கட்டுரையும் அதை எடுத்தாள்கிறது. நீண்ட பந்திகளில் இந்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடும். குறுஞ்சொற்களில்தான் அது உச்சம். மெனுவில் இருப்பவை எல்லாமே குறுஞ்சொற்கள்.

நம் தளங்களில் இருந்தே எடுத்துக்கொள்வோம். தகவல் உரிமை பற்றிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு அரச தளங்களின் மெனுவில் ஆங்கிலத்தில் ஆர்டிஐ என்ற மூன்றெழுத்து இடம்பிடித்தது. தமிழில் அதே இடத்தில் 'தகவல் அறியும் உரிமை' என்ற மூன்று சொற்கள் வர வேண்டும். எஃப்ஏகியூ என்பதற்கு 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்'. எழுத்து எண்ணிக்கை சமமாக இருக்கும் இடத்திலும் அகலம் சமமாக இருப்பதில்லை. டவுன்லோட்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 9 எழுத்து. 'தரவிறக்கங்கள்' என்பதற்கும் 9 எழுத்துத்தான். ஆனால் றகரமும் ளகரமும் இகரக் குறியும் ஆங்கிலத்தின் மெலிந்த எழுத்துகளைவிட அகலமானவை. கணினியின் கணக்கிலோ அந்தத் தமிழ்ச் சொல் 9 அல்ல, 13. இகரக் குறியும் புள்ளியும் யுனிகோடில் தனிக் குறியீடுகளாக எண்ணப்படுவதால் அப்படி. தலைப்பு 12 குறியீட்டுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு மென்பொருள் வெட்டினால் கடைசிப் புள்ளி போய், 'தரவிறக்கங்கள' என்று நிற்கும்.

இனி உடைவது எப்படி என்று பார்ப்போம். பழைய முறையில் ஒவ்வொரு தலைப்புக்கும் குறைந்தது 120 பிக்சல் அகலம், முழு மெனுவுக்கும் 40 பிக்சல் உயரம் என்று எழுதி, தலைப்புகளை இடப்பக்கம் மிதக்க விடுவார்கள். தமிழில் சொற்கள் பெருத்து மொத்த அகலம் போதாமல் போனால் கடைசித் தலைப்புகள் இரண்டாம் வரிக்கு இறங்கும். இறங்குவது குற்றமில்லை. ஆனால் மெனுவின் உயரம் 40 பிக்சலென்று ஆணி அடித்திருப்பதால், இரண்டாவது வரி வந்தது கீழே உள்ள உள்ளடக்கத்துக்குத் தெரியாது. அது விலகாது. ஆகவே ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறது. அந்தத் தாய் பார்த்தது இதைத்தான்.

திருத்தம் எளிது. அகலத்தை எண்ணாகச் சொல்வதை விட்டு, சொல்லின் இருபக்கமும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை மட்டும் பேடிங் மூலம் சொல்லுங்கள். பெட்டி சொல்லை அளந்து தானே விரியும். உயரத்துக்கு ஹைட் என்பதற்குப் பதிலாக மின்-ஹைட் என்று எழுதுங்கள்; 40 பிக்சலுக்குக் குறையாது, தேவையானால் வளரும். பட்டியலுக்கு டிஸ்ப்ளே: ஃப்ளெக்ஸ் கொடுத்து, கூடவே ஃப்ளெக்ஸ்-ராப்: ராப் என்பதையும் சேருங்கள். இரண்டாவதை மறப்பவர்கள் அதிகம். அது இல்லாவிட்டால் ஃப்ளெக்ஸ் எல்லாத் தலைப்பையும் ஒரே வரியில் நெருக்கப் பார்க்கும். ஆனால் ஒரு தலைப்பு அதன் மிக நீண்ட சொல்லைவிட ஒடுங்காது. 'தரவிறக்கங்கள்' என்ற ஒற்றைச் சொல்லில் முறிய இடமில்லை. முடிவில் மெனு திரைக்கு வெளியே நீண்டு, பக்கம் முழுவதும் பக்கவாட்டில் உருளத் தொடங்கும்.

இதற்குப் பதிலாகப் பலர் கையாளும் மூன்று வைத்தியங்கள் நோயைவிடக் கொடியவை. முதலாவது, எழுத்தைச் சிறிதாக்குவது. 11 பிக்சலில் ஆங்கிலம் ஒருவாறு தப்பும். ணகரத்தின் சுழிகளும் ஞகரமும் மைப்பொட்டாகிவிடும். வாசிப்பவர்களில் முதியவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கணம் எண்ணினாலே இந்த எண்ணம் வராது. இரண்டாவது, ஓவர்ஃப்ளோ: ஹிடன் என்று எழுதி மிஞ்சியதை மறைப்பது. மெனுவின் கடைசித் தலைப்பு வழக்கமாக எது? 'எம்மைத் தொடர்புகொள்ள'. வேறு வழியில்லாமல் தொலைபேசி எண்ணைத் தேடி வந்தவருக்கு அதைத்தான் மறைக்கிறோம். மூன்றாவது, சொல்லை எங்கே வேண்டுமானாலும் முறிக்க அனுமதிப்பது. உலாவி 'தரவிறக்க' என்று ஒரு வரியும் 'ங்கள்' என்று அடுத்த வரியுமாகப் போடும். நம் அச்சில் சொல்லை வரியிறுதியில் முறிப்பதுண்டு, ஆனால் புள்ளி வைத்த எழுத்தில் அடுத்த வரி தொடங்காதபடி பார்த்துக்கொள்வது கோர்ப்பவரின் அடிப்படை ஒழுக்கம். உலாவிக்கு அது தெரியாது.

உயரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அகலக் குறையைக் கவனிப்பவர்கள்கூட இதைக் கவனிப்பதில்லை. ஆங்கில எழுத்துக்குத் தலைக்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. தமிழில் இகர, ஈகாரக் குறிகள் மேலே எழுகின்றன, புள்ளியும் எழுத்தின் மேல் நிற்கிறது. பு, வு, யு போன்றவற்றின் வால் கீழே இறங்குகிறது. ஆங்கிலத்துக்கு இறுக்கமாகத் தைத்த பெட்டியில், மிஞ்சியதை மறைக்கும் கட்டளையும் சேர்ந்தால், மேலே புள்ளியும் கீழே வாலும் வெட்டுப்படும். 'எம்மைப் பற்றி' என்பது 'எமமைப பறறி' ஆகிறது. 'முகப்பு' என்பது 'முகபப' ஆகிறது. இதை அலங்காரக் குறை என்று ஒதுக்க முடியாது. எழுத்தே வேறு எழுத்தாகிவிட்டது. ஆங்கிலத்தில் இதற்கு இணையான சேதம் வந்தால் அந்தத் தளத்தை ஒரு நாளும் வெளியிட விடமாட்டார்கள். தமிழ்ப் பக்கத்துக்கு லைன்-ஹைட் 1.6 அளவில் வைத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். தலைப்பு இரண்டு வரியானாலும் மேல் வரியின் வால் கீழ் வரியின் புள்ளியோடு முட்டாது.

பெரிய எழுத்துப் பழக்கம் ஒன்றும் இருக்கிறது. ஆங்கில மெனுவை முழுக்கப் பெரிய எழுத்தில், எழுத்துக்கெழுத்து இடைவெளி விட்டு அமைப்பது நாகரிகமாகக் கருதப்படுகிறது. டெக்ஸ்ட்-டிரான்ஸ்ஃபோர்ம்: அப்பர்கேஸ் என்ற கட்டளைக்குத் தமிழில் வேலையே இல்லை, நமக்குப் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது. ஆனால் அதோடு சேர்த்து எழுதிய லெட்டர்-ஸ்பேசிங் போகாமல் தங்கிவிடும். ஏற்கெனவே நீண்ட சொல் காரணமின்றி இன்னும் நீளும், எழுத்துகள் சிதறிக் கிடப்பதுபோல் தெரியும். தமிழ்ப் பக்கத்தில் அதைப் பூச்சியமாக்கிவிட வேண்டும்.

கீழ்விரியும் துணை மெனுவில் நுட்பமான ஒரு கோளாறு. அது மேல் மெனுவில் இருந்து 40 பிக்சல் கீழே தொடங்க வேண்டும் என்று எண்ணாக எழுதியிருப்பார்கள். தமிழில் தலைப்பு இரண்டு வரியானால் துணை மெனு அதன் இரண்டாவது வரியை மறைத்துக்கொண்டு திறக்கும். டொப்: 100 வீதம் என்று எழுதினால் தலைப்பு எவ்வளவு உயரமானாலும் அதன் காலடியில் சரியாகத் திறக்கும். அகலத்தை 180 பிக்சல் என்று பூட்டாமல், மின்-விட்த் கொடுத்து விரிய விட்டு, மேல் எல்லை ஒன்றையும் வைக்கலாம். வலக்கோடித் தலைப்பின் துணை மெனுவை வலப்பக்கமாக ஒட்ட வைக்காவிட்டால் தமிழில் அது திரைக்கு வெளியே போகும்.

வடிவமைப்பவரின் கணினியில் சரியாக இருப்பது பிறர் கணினியில் உடைவது ஏன் என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் எழுத்துருவில் இருக்கிறது. சிஎஸ்எஸ்ஸில் ரோபோட்டோ என்று எழுதியிருப்பார்கள். அந்த எழுத்துருவில் தமிழ் இல்லை. உலாவி கணினியில் இருக்கும் ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்கிறது. பழைய விண்டோஸில் லதா, விண்டோஸ் 8 முதல் நிர்மலா, அண்ட்ரோயிட்டில் நோட்டோ, ஆப்பிள் கருவிகளில் முத்து நெடுமாறன் வடித்த எழுத்துருக்கள். ஒவ்வொன்றின் அகலமும் வேறு. எழுத்துருப் பட்டியலில் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஓர் இலவச எழுத்துருவைப் பெயர் சொல்லிச் சேர்த்து, தளத்தில் இருந்தே அதை வழங்கினால், வெள்ளவத்தையில் பார்த்ததும் வவுனியாவில் பார்ப்பதும் ஒன்றாக இருக்கும்.

இந்தத் திருத்தங்களைத் தமிழுக்கு மட்டும் பொருத்த ஒரு வழி உண்டு. பக்கத்தின் தொடக்கத்தில் லாங் என்ற பண்பில் தமிழுக்குரிய 'டிஏ' குறியீடு இருந்தால், தமிழ்ப் பக்கத்துக்கென்று தனி விதிகளை சிஎஸ்எஸ் ஏற்கும். தமிழ்ப் பக்கத்திலும் ஆங்கிலக் குறியீட்டையே விட்டுவைத்திருக்கும் தளங்கள் உள்ளன. அங்கே அந்த விதிகள் வேலை செய்யா, பார்வையற்றோர் பாவிக்கும் திரை வாசிப்பானும் தமிழை ஆங்கிலக் குரலில் வாசிக்க முற்படும். மெனுவை மடித்து வைக்கும், கைபேசிக்கான மூன்று கோட்டுப் பொத்தானும் இதோடு சேர்ந்ததே. பூட்ஸ்டிராப் சட்டகத்தில் 992 பிக்சலுக்கு மேல் மெனு விரியும்படி வைப்பது வழக்கம். ஆங்கிலத்துக்கு அது போதும். எட்டுத் தமிழ்த் தலைப்புகளுக்கு 1200 வரை பொத்தானையே காட்டுவது நல்லது.

அரச தளங்களில் தமிழ்ப் பக்கம் வந்தது சட்டத்தின் வழியாக. இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இல் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இல் 16ஆவது திருத்தம் வந்தது, 1991இன் 18ஆம் இலக்கச் சட்டம் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவை அமைத்தது. இவற்றின் பயனாகவே தமிழ்ப் பக்கம் இருக்கிறது. ஆனால் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துச் சரி போடுபவர், அது வாசிக்கும்படி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. வெள்ளவத்தை ராமகிருஷ்ணா வீதியிலேயே இன்ஃபர்மேட்டிக்ஸ் இன்ஸ்டிடியூட் ஒஃப் டெக்னோலஜி இருக்கிறது. இணைய வடிவமைப்பு கற்கும் தமிழ் இளைஞர்களுக்கு இந்த நகரத்தில் குறைவில்லை. குறை, வேலை ஒப்படைக்கும் ஆவணத்தில் இருக்கிறது. அதில் சில வரிகள் சேர்ந்தால் போதும்: வடிவமைப்பு முதலில் மிக நீண்ட தமிழ், சிங்களத் தலைப்புகளைக் கொண்டு காட்டப்பட வேண்டும், 1024 பிக்சல் அகலத்திலும் 360 பிக்சல் கைபேசியிலும் எந்தத் தலைப்பும் மறையவோ ஏறவோ கூடாது, எழுத்தை 200 வீதம் பெருப்பித்தாலும் எதுவும் இழக்கப்படக் கூடாது என்று சர்வதேச அணுகல் வழிகாட்டி 2008 முதல் கேட்பதை மூன்று மொழிகளிலும் நிறைவேற்ற வேண்டும், இவற்றைத் தமிழ் வாசிக்கத் தெரிந்த அலுவலர் ஒருவர் பார்த்து ஒப்பமிட்ட பிறகே இறுதிக் கொடுப்பனவு.